கோவையிலிருந்து நியூயார்க்: தூரம் ஒன்று, நேரம் பல

கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கும் நியூயார்க் நகரத்தின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கும் இடையே உள்ள வான்வழித் தூரம் ஏறத்தாழ 13,530 கிலோமீட்டர். பயண நேரம் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் இதுபோல் ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது. இணையத்தில் தேடினால் ஓரிடத்தில் 15 மணி நேரம் என்றும், இன்னோரிடத்தில் 22 மணி நேரம் என்றும், டிக்கெட் விற்கும் தளங்களில் 30 மணி நேரத்துக்கு மேல் என்றும் வரும். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு ஒன்றை அளக்கிறது. கொங்கு நாட்டில் இன்று பிள்ளையோ பேரனோ அமெரிக்காவில் இல்லாத தெருவைக் காண்பது அரிது. வயதான பெற்றோரை அவ்வளவு தூரம் அனுப்பி வைக்கும் குடும்பங்கள் இந்த எண்களைப் புரிந்துகொண்டு டிக்கெட் எடுக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன். என் தங்கை நியூஜெர்சியில் இருக்கிறாள். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து அப்பாவையும் அம்மாவையும் அங்கே அனுப்புவதற்காக நான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவையே இவை.

முதலில் தூரம். சுவரில் மாட்டிய உலக வரைபடத்தைப் பார்த்து, கோவையிலிருந்து நேர் மேற்கே அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் பெருங்கடல் என்று கடந்தால் நியூயார்க் வந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது வடக்குப் பகுதிகள் இழுபட்டு அகன்றுவிடுவதால் வரும் தோற்றம் அது. உண்மை வழியைக் காண ஓர் உலக உருண்டையும் ஒரு முழ நூலும் போதும். எங்கள் வீட்டில் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து வந்த கோன் நூல் இருந்தது. அதன் ஒரு முனையைக் கோவையின் மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை நியூயார்க்கின் மேல் வைத்து, தொய்வு போகும்வரை மெல்ல இழுத்தால், நூல் தானாகவே வழுக்கி வடக்கே ஏறிக்கொண்டுபோய் ஓரிடத்தில் நிற்கிறது. அதற்குமேல் அதைக் குறுக்க முடியாது. அதுவே இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வழி. புவியியலில் இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள்.

அந்த நூல் போகும் ஊர்களைக் கணக்கிட்டுப் பார்த்தபோது நான் வியந்துபோனேன். கோவையிலிருந்து வடமேற்காகக் கிளம்பும் பாதை ஏறக்குறைய மும்பையின் தலைக்கு மேலேயே போகிறது. பிறகு சௌராஷ்டிரம், கட்ச், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தானில் காந்தஹார் பக்கம், துர்க்மெனிஸ்தான், கசகஸ்தானின் மேற்கு மூலை, ரஷ்யாவில் மாஸ்கோவுக்குச் சற்று வடக்கே, பின்லாந்தின் தென்பகுதி, சுவீடன், நார்வே, ஐஸ்லாந்து, கிரீன்லாந்தின் தென்முனை, கனடா என்று சுற்றி, கடைசியில் வடக்கிலிருந்து நியூயார்க்குக்குள் இறங்குகிறது. 11 பாகை வட அகலாங்கில் இருக்கும் கோவையிலிருந்து, 41 பாகைக்கும் குறைவான அகலாங்கில் இருக்கும் நியூயார்க்குக்குப் போக, ஏறத்தாழ 65 பாகை வரை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்கா அந்த வழியில் எங்குமே வருவதில்லை.

சான் பிரான்சிஸ்கோவுக்கு இழுத்தால் நூல் மேற்கே போகாமல் வடகிழக்காகத் திரும்புகிறது. சீனாவையும் கிழக்கு சைபீரியாவையும் கடந்து ஆர்க்டிக் வட்டத்துக்குள் நுழைந்து, அலாஸ்கா வழியாகக் கீழே வருகிறது. தூரம் 14,200 கிலோமீட்டரைத் தாண்டும். நமக்கு அடுத்திருக்கும் பெங்களூருவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே 2021 ஜனவரியில் ஏர் இந்தியா நேரடி விமானத்தைத் தொடங்கியபோது, முழுவதும் பெண் விமானிகளே இயக்கிய முதல் விமானம் வட துருவப் பகுதிக்கு மேலாகப் பறந்து வந்து சேர்ந்தது. ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். பறந்த நேரம் சுமார் 17 மணி. உலகத்தின் எந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே இருக்கக்கூடிய மிக அதிகத் தூரமே ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர்தான் என்பதை வைத்துப் பார்த்தால், அமெரிக்கா போகிறவர்கள் பூமியின் அரைச்சுற்றில் மூன்றில் இரண்டு பங்கைக் கடக்கிறார்கள்.

இனி நேரம். நெடுந்தூர விமானங்கள் ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. 13,530-ஐ 900-ஆல் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தால் பதினைந்தரை மணி நேரம் வரும். இணையத்தில் தூரமும் நேரமும் சொல்லும் பக்கங்கள் பெரும்பாலும் செய்வது இந்த ஒரு வகுத்தல்தான். நடுவில் எங்கும் இறங்காமல், காற்றே இல்லாத வானில், எந்த நாட்டு எல்லையும் அடைக்கப்படாமல் பறந்தால் கிடைக்கும் நேரம் அது. கோவையிலிருந்து அப்படி ஒரு விமானம் கிடையாது. நம் ஓடுபாதையின் நீளம் 3,000 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில், வெப்பமான ஊரில் இருக்கிறது. சூட்டில் காற்று மெலிந்துவிடுவதால் முழு எரிபொருளோடு எழும்பும் பெரிய விமானத்துக்குக் கூடுதல் நீளம் வேண்டும். விரிவாக்கத்துக்கான நிலம் எடுக்கும் பணி பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே வந்தது. பின்னலாடையையும் பம்புசெட்டையும் உலகத்துக்கு அனுப்பும் இத்தனை ஊர்களுக்கு நடுவே இருக்கும் நிலையம் இதைவிட விரைவாக வளர்ந்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

காற்றைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். “அம்மணி, போறதுக்கு அத்தன நேரம், வர்றதுக்கு மட்டும் எப்படிக் கொறையுது? தூரம் ஒண்ணுதானே?” என்று அப்பா கேட்டார். கேள்வி மிகச் சரியானது. அவருக்குப் புரியும்படி நான் சொன்னது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் வீசும் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை மெய்ப்பிக்கும் அந்தக் காற்றில், பல்லடத்திலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும்: மேற்கே போகும்போது எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது, திரும்பி வரும்போது மிதிக்காமலே ஓடும். வானத்தில் 10 கிலோமீட்டர் உயரத்திலும் அதே திசையில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி, ஜெட் காற்று எனப்படும் ஆறு போன்ற காற்றோட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. பூமியின் வெப்பப் பகுதிக்கும் குளிர்ப் பகுதிக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டாலும், பூமி தன்னைத்தானே சுற்றுவதாலும் உண்டாவது அது. குளிர்காலத்தில் அந்த வேறுபாடு கூடுவதால் காற்றும் வலுக்கும். மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வீசுவது அபூர்வமன்று.

விமானம் காற்றைக் கிழித்துப் போகும் வேகம் மாறுவதில்லை. தரையைப் பொறுத்து அது நகரும் வேகமே மாறுகிறது. 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு 150 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் தரை வேகம் 750. பின்காற்று இருந்தால் 1,050. அப்படி 3,000 கிலோமீட்டரைக் கடக்க, எதிர்க்காற்றில் 4 மணி நேரமும் பின்காற்றில் 2 மணி 51 நிமிடமும் ஆகும். காற்றே இல்லாவிட்டால் 3 மணி 20 நிமிடம். போகும்போது இழப்பது 40 நிமிடம், வரும்போது ஈட்டுவது 29 நிமிடம்; காற்று எடுத்ததை முழுதாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. 2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேலாகும் பயணத்தை, பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் போயிங் 747 விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் முடித்தது. அதே வேளையில் எதிர்த்திசையில் வந்த விமானங்களின் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தக் காற்றுக்காகவே விமானிகள் குறுகிய வழியை விட்டுவிட்டு நீண்ட வழியில் போவதும் உண்டு. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியாக 13,900 கிலோமீட்டர் பறந்துகொண்டிருந்த ஏர் இந்தியா, 2016 அக்டோபரில் பசிபிக் பெருங்கடல் வழியாகக் கிழக்கு நோக்கிச் சென்றது. தூரம் 15,300 கிலோமீட்டராகக் கூடியது. நேரமோ பதினான்கரை மணியாக, ஏறத்தாழ இரண்டு மணி குறைந்தது. தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

காற்றாவது இயற்கை, மனிதர் அடைக்கும் வானம் வேறு. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவும் ஐரோப்பிய நாடுகளும் ஒன்றுக்கொன்று வான்வெளியை மூடிக்கொண்டன. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரத்தில் போன பின்லாந்து விமானம், வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு 13 மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. நம் நூல் கட்சைத் தாண்டியதும் நுழைவது அந்த வான்வெளியில்தான். இந்திய நிறுவனங்களின் விமானங்கள் அரபிக்கடல் பக்கமாகச் சுற்ற வேண்டியிருந்ததால் மேற்கு நோக்கிய பயணங்கள் நீண்டன. ஆகவே டிக்கெட் எடுக்கும் வாரத்தில் எந்த வானம் திறந்திருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

எங்காவது ஓரிடத்தில் இறங்கி மாறியே ஆக வேண்டும் என்னும்போது, எந்த ஊரில் மாறுவது என்பதே முதல் கேள்வி. மாறும் ஊர் நூலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மும்பை நூலின் மேலேயே இருப்பதால் அங்கே இறங்கினால் கூடுதல் தூரம் என்று எதுவுமே இல்லை. டெல்லி வழியாகப் போனால் 170 கிலோமீட்டர் போல் கூடும். கோவையிலிருந்து நேரடி விமானம் உள்ள அபுதாபி வழியாக, வரைபடத்தில் மிகவும் விலகியதுபோல் தெரிந்தாலும், கூடுவது ஏறத்தாழ 300 கிலோமீட்டரே. சிங்கப்பூர் வழி அப்படியன்று: முதலில் 3,160 கிலோமீட்டர் தென்கிழக்கே போய், அங்கிருந்து உலகின் மிக நீண்ட பயணிகள் விமானப் பாதையான 15,349 கிலோமீட்டரைக் கடக்க வேண்டும், மொத்தத்தில் 5,000 கிலோமீட்டர் அதிகம். சிங்கப்பூர்–நியூயார்க் என்ற அந்த ஒரு பறப்பே 18 மணி நேரத்துக்கு மேலாகும். மூட்டுவலி உள்ளவர்களை நான் அதில் உட்கார வைக்க மாட்டேன்.

டிக்கெட்டில் அச்சிடும் மணியெல்லாம் அந்தந்த ஊர் மணி. இதைப் படிக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். காலை 6 மணிக்குக் கோவையில் புறப்பட்டு, 4 மணி நேரம் பறந்து அபுதாபியில் இறங்கினால் அங்கே மணி 8.30, ஏனென்றால் அவர்கள் நமக்கு ஒன்றரை மணி பின்னால் இருக்கிறார்கள். நான்கு மணி நேரம் காத்திருந்து பகல் 12.30-க்குக் கிளம்பி, 14 மணி நேரம் பறந்தால், கோடைகாலத்தில் நியூயார்க் அபுதாபிக்கு 8 மணி பின்னால் என்பதால், அன்று மாலை 6.30-க்கு இறங்கிவிடலாம். தாளில் பார்த்தால் காலை 6 முதல் மாலை 6.30 வரை, பன்னிரண்டரை மணி நேரம். உண்மையில் உடம்பு கடந்திருப்பது 22 மணி நேரம். விடுபட்ட ஒன்பதரை மணி நேரம் கோவைக்கும் நியூயார்க்குக்கும் உள்ள கடிகார வேறுபாடு. மார்ச் மாதத்தில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பரில் திரும்பப் பின்னே வைப்பதால், குளிர்காலத்தில் இந்த வேறுபாடு பத்தரை மணி. சர்க்கரை நோய்க்கு ஊசி போடுகிறவர்களும் வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கணக்கிட வேண்டியது இந்த 22 மணி நேரத்தைத்தான். எந்த வேளை மருந்து எங்கே வரும் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துவிட வேண்டும்.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை பார்த்தால் இன்னும் கூடும். கோபியிலிருந்து குன்னத்தூர், அவிநாசி வழியாகக் கோவை விமான நிலையம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். நியூயார்க்கில் இறங்கியபின் இமிகிரேஷன் வரிசை, பெட்டிகள், பிறகு நியூஜெர்சிக்குக் காரில் போகும் நேரம் என்று மூன்று மணியாவது ஆகும். 13,530 கிலோமீட்டரைப் பறக்கப் பதினைந்தரை மணி என்ற கணக்கு, இப்படி முப்பது மணி நேரமாக வளர்ந்துவிடுகிறது. வளர்ந்த அந்தப் பகுதியில் பெரும்பங்கு காத்திருப்பு. அதனால்தான் மொத்த நேரம் குறைவு என்று திரையில் முதலில் வந்து நிற்கும் டிக்கெட்டை நான் எடுப்பதில்லை. மாறும் இடத்தில் ஒன்றேகால் மணி நேரமே இருக்கும் டிக்கெட்டு, முதல் விமானம் அரை மணி தாமதித்தாலும் கையை விட்டுப்போகும். வயதானவர்களுக்கு மூன்று முதல் நான்கு மணி நேரம் வேண்டும். அபுதாபி வழியாக அமெரிக்கா போகிறவர்களுக்கு அமெரிக்க இமிகிரேஷன் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடுவது பெரிய வசதி. ஆனால் அந்த வரிசைக்கும் அங்கேயே நேரம் ஒதுக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது, முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருப்பது. பங்காளி வீட்டு அண்ணன் ஒருவர், விலை குறைவு என்று இரண்டு நிறுவனங்களில் இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள் எடுத்திருந்தார். முதல் விமானம் தாமதமாக, இரண்டாவது போய்விட்டது. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை அவர் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். புது டிக்கெட்டின் விலை அவர் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு. ஒரே பி.என்.ஆர். என்றால், தவறிய விமானத்துக்கு மாற்று ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டிகளும் கோவையில் போட்டால் கடைசி ஊரில் எடுத்துக்கொள்ளலாம். நூலுக்கு மிகப் பக்கத்தில் உள்ள வழி ஒரே டிக்கெட்டில் கிடைக்காவிட்டால், நான் தூரத்தை விட்டுக்கொடுத்து டிக்கெட்டைப் பிடித்துக்கொள்வேன்.

கோவையில் வாய்ப்புக் குறைவு என்று காரில் கொச்சிக்கோ பெங்களூருவுக்கோ போகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். போகும்போது அதில் பெரிய குறை இல்லை. வரும்போதுதான் கவலை: ஒரு நாளுக்கு மேல் சரியாகத் தூங்காமல் வந்து இறங்குகிறவர்களை, நள்ளிரவில் ஏழெட்டு மணி நேரம் காரில் உட்கார வைத்துச் சேலம் வழியாகக் கொண்டுவருவது உடம்புக்கும் நல்லதில்லை, சாலையிலும் ஆபத்து. தேவனஹள்ளியில் உள்ள அந்த விமான நிலையம் பெங்களூருவின் வடக்கே இருப்பதால், நம் பக்கம் வர நகரத்தை முழுவதும் கடந்தாக வேண்டும். மும்பை, டெல்லி வழியாகத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே பெட்டிகளை எடுத்துச் சுங்கச் சோதனை முடித்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அபுதாபி, சிங்கப்பூர் வழியாக ஒரே டிக்கெட்டில் வந்தால் அந்தச் சோதனை கோவையில்தான்.

எல்லாவற்றையும் பார்த்து, அப்பா அம்மாவுக்கு மும்பையில் நான்கு மணி நேரம் காத்திருக்கும்படி ஒரே பி.என்.ஆரில், நடைபாதை ஓர இருக்கைகளோடு பதிவு செய்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் வீல்சேர் வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே குறிப்பிட்டுவிட்டேன். அம்மா நன்றாக நடப்பார். இருந்தாலும் வீல்சேர் தள்ளுகிற பணியாளர் கேட் வரைக்கும் கூடவே வருவதால், மொழி தெரியாத ஊரில் வழி கேட்டு அலைய வேண்டியிருக்காது.